ஆறடி எட்டு அங்குலம்

எங்கள் பாடசாலைகளில் நடக்கும் பொது அறிவுப் போட்டிகளில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் யார்? கையை உயர்த்தும் பிள்ளை மூச்சு விடாமல் சொல்லிவிடும்: நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958, டோக்கியோ, உயரம் பாய்தல். புள்ளி கிடைத்துவிடும். கேட்டவரும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். முப்பது வருடங்களுக்கு மேலாக உடற்கல்வி ஆசிரியனாக இருந்த எனக்கோ, அந்த இடத்திலேதான் கேள்விகள் தொடங்குவதாகப் படும். அந்த மனிதர் எப்படிப் பாய்ந்தார்? பாய்ந்தபின் எதில் விழுந்தார்? அவருக்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இன்னொருவர் ஏன் ஆசியாவின் அந்த உச்சிக்குப் போகவில்லை?

2024 ஏப்ரலில், 89 ஆவது வயதில், அவர் அமெரிக்காவில் காலமானார். அப்போது வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகள் பலவற்றைத் தேடி வாசித்தேன். அவற்றில் அவருடைய பதக்கம் இருந்தது, பட்டங்கள் இருந்தன, வகித்த பதவிகள் இருந்தன. அவர் விழுந்தெழும்பிய மணல் இருக்கவில்லை. அந்த மணலைப் பற்றி யாராவது எழுதவேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

எதிர்வீரசிங்கம் 1934 இல் வலிகாமத்தின் வடமேற்கே, இளவாலைக்கு அண்மையிலுள்ள பெரியவிளானில் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை. 1956 இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கிலும் பாய்ந்தார். இரண்டிலும் பதக்கம் இல்லை. 1958 இல் டோக்கியோவில் நடந்த மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளி. பத்து ஆண்டு காலம் ஒரே விளையாட்டில், ஒரே நாட்டின் பெயரில், உலகத்தின் நல்ல பாய்ச்சல்காரர்களோடு நின்றவர் அவர்.

2.03 மீற்றர் என்பது அந்த நாள் கணக்கில் ஆறடி எட்டு அங்குலம். இந்த உயரத்தின் பெறுமதி எவ்வளவு என்பதை விளங்கிக்கொள்ள ஒரு சிறு ஒப்பீடு போதும். 1952 இல் ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற அமெரிக்கரான வோல்ட்டர் டேவிஸ் பாய்ந்தது 2.04 மீற்றர். வெள்ளிக்குரிய உயரம் 2.01. ஆறு வருடங்களின் பின் டோக்கியோவில் பெரியவிளான் பையன் பாய்ந்த உயரம் அந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. உலகம் அதற்குள் சற்று மேலே போய்விட்டது என்பதும் உண்மை. 1956 இல் சாள்ஸ் டூமாஸ் என்ற அமெரிக்க இளைஞர் 2.15 மீற்றர் பாய்ந்து, ஏழடியைக் கடந்த முதல் மனிதரானார். ஆனாலும் பெரியவிளானுக்கும் உலகத்துக்கும் இடையிலிருந்த தூரம் சில அங்குலங்கள்தான்.

இந்தப் பெயரை எனக்கு முதலில் சொன்னவர் வாப்பா. யாழ்ப்பாணம் பெரிய கடைப் பக்கம் தையல் கடை வைத்திருந்தவர். அளவு நாடா எந்நேரமும் கழுத்தில் கிடக்கும். விளையாட்டைப் பற்றி அதிகம் தெரியாத மனிதர். என்றாலும் மத்திய கல்லூரி மைதானத்தில் பரியோவான் கல்லூரியுடனான கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாட்களில் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். 1904 முதல் நடந்துவரும் ஆட்டம் அது. யார் வென்றாலும் பட்டணத்துக்குத் திருவிழாத்தான். அப்படியொரு நாளில்தான், மைதானத்தைக் காட்டி, "இங்க படிச்ச பொடியன் ஒருத்தன் ஆசியாவிலேயே முதலாவதா வந்தவன்" என்றார். எவ்வளவு உயரம் பாய்ந்தவர் என்று கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் அளவு நாடாவை எடுத்துச் சுவரில் பிடித்துக் காட்டினார். எங்கள் வீட்டு வாசல் நிலை அந்த அடையாளத்துக்குக் கீழே இருந்தது. "எங்கட வாசல் நிலைக்கு மேலால போயிருப்பான்" என்று சொல்லிச் சிரித்தார். உம்மா வந்து, சுண்ணாம்பு அடித்த சுவரில் பென்சில் கோடு கீறியதற்காக இரண்டு பேரையும் ஏசினா.

அந்தக் கோட்டைப் பார்த்து எழும்பி எழும்பிக் குதித்திருக்கிறேன். விரல் நுனி தொட எனக்குப் பதினான்கு வயதானது. தலையும் கால்களும் உட்பட முழு உடம்பையும் அந்தக் கோட்டுக்கு மேலால் கொண்டுபோவது என்றால் என்னவென்று விளங்கியபோது, விளையாட்டு என்பதன் மீது எனக்கு ஒருவித மரியாதை பிறந்தது. நான் உடற்கல்வி ஆசிரியனானதற்கு வேறு காரணங்களும் உண்டு. அந்த மரியாதை அதில் முதலாவது.

வாப்பா இன்னொன்றையும் சொல்வார். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் மாறிவிடும். டோக்கியோப் போட்டிகள் 1958 மே 24 ஆம் திகதி தொடங்கி ஜூன் 1 ஆம் திகதி முடிந்தன. இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் மே 22 ஆம் திகதியளவில் பொலன்னறுவையில் தொடங்கி நாடெங்கும் பரவியதும், 27 ஆம் திகதி அவசரகாலச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டதும் அதே நாட்களில்தான். கொழும்பில் அடிபட்டு, வீடு வாசல் இழந்த தமிழர்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். வாப்பாவின் வாடிக்கையாளர் ஒருவர், கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர், உடுத்த உடையோடு அந்தக் கப்பலில் வந்து இறங்கி, ஒரு காற்சட்டையும் சேட்டும் தைத்துத் தரும்படி கடை வாசலில் வந்து நின்றாராம். காசு இல்லை. வாப்பா அளவெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர் பத்திரிகையோடு வந்து, இலங்கைக்குத் தங்கம் கிடைத்துவிட்டதென்றும் பாய்ந்தவன் எங்கள் யாழ்ப்பாணத்துப் பொடியன் என்றும் சத்தமிட்டுச் சொன்னாராம். "அந்த மனிசன் என்ன செய்தார்?" என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன். "கையைத் தூக்கிக்கொண்டு நிண்டவர் அப்படியே நிண்டார். சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. அளவு எடுத்து முடிஞ்சுதா எண்டு மட்டும் கேட்டார்" என்பார் வாப்பா.

இந்த நாட்டின் விளையாட்டு வரலாற்றை எழுதியவர்கள் பதக்கத்தை ஒரு பக்கத்திலும் கலவரத்தை இன்னொரு புத்தகத்திலும் எழுதிவைத்தார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தவை. கொடி ஏறுவதைப் பார்த்து நிற்கும் மனிதனின் சொந்தச் சனங்கள், அதே கொடியின் கீழ், அதே வாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இது என்னுடைய நாடா, நான் யாருக்காகப் பாய்கிறேன் என்ற கேள்வி அப்படியொருவருக்கு வராமல் இருக்க முடியாது. வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு ஊர்களில், எங்களில் பலருக்கும் வந்த கேள்விதான் அது. நான் அறிந்த வரையில் எதிர்வீரசிங்கம் அதற்குச் சொன்ன விடை, நான்கு வருடங்களின் பின் 1962 இல் ஜகார்த்தாவுக்குப் போய் அதே நாட்டுக்காக மீண்டும் பாய்ந்தது. அது சரியான விடையா என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். நாட்டைச் சிலரிடம் விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கும் அது ஒரு வழி என்று எனக்குப் படுகிறது.

இனி மணலுக்கு வருகிறேன்.

1950களில் உயரம் பாய்ந்தவர்கள் எல்லோரும், யாழ்ப்பாணத்திலும் சரி கலிபோர்னியாவிலும் சரி, மணற் குழியில் அல்லது மரத்தூள் குவியலில் விழுந்தார்கள். ஆகவே பாய்கின்ற முறையும் விழுகின்ற இடத்துக்கு ஏற்றதாகவே இருந்தது. கத்தரிக்கோல் போலக் கால்களை ஒன்றன்பின் ஒன்றாக வீசிப் பாய்ந்து காலால் நிலத்தைத் தொடுவது ஒரு முறை. குறுக்குத் தடிக்கு மேலே பக்கவாட்டில் உருண்டு, கையும் காலுமாக இறங்குவது இன்னொன்று. முகம் கீழே பார்க்கத் தடியைத் தழுவுவதுபோலக் கடப்பது மூன்றாவது. எந்த முறையானாலும் கால் அல்லது கைதான் முதலில் மண்ணைத் தொடும். மண்ணைக் கிளறி மெதுவாக்கிவிட்டால் ஆபத்து இல்லை. ஒரு மண்வெட்டியும் இரண்டு கம்பும் ஒரு மூங்கில் தடியும் இருந்தால் எந்தக் கிராமத்துப் பாடசாலையும் உலகத்தரமான உயரம் பாய்தல் களத்தை வைத்திருக்க முடிந்தது. பெரியவிளான் மணலும் லொஸ் ஏஞ்சலிஸ் மணலும் ஒன்றுதான்.

பிறகு மெத்தை வந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாடசாலைகளில் மணற் குழிகளுக்குப் பதிலாக மென்மையான றபர் நுரையை நிரப்பத் தொடங்கினார்கள். ஒரிகன் மாநிலத்தில் அப்படி மெத்தை போட்ட பாடசாலையொன்றில் படித்த டிக் பொஸ்பரி என்ற பையன், தடிக்கு முதுகைக் காட்டி மல்லாந்து பாயும் முறையைத் தானாகவே கண்டுகொண்டான். 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 2.24 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றான். அன்றிலிருந்து உலகம் அவனுடைய முறைக்கு மாறிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. நிமிர்ந்து பாய்பவன் தன் உடம்பின் எடை முழுவதையும் தடிக்கு மேலே தூக்கவேண்டும். மல்லாந்து வில்லாக வளைபவனோ தலை, முதுகு, கால் என்று ஒவ்வொரு பகுதியாகத் தடியைக் கடக்கிறான். அவனுடைய உடம்பின் எடை மையம் தடிக்குக் கீழாகவே போய்விட முடியும். அதே கால் பலத்தோடு அதிக உயரம். 2024 இல் உக்ரைன் வீராங்கனை யரோஸ்லாவா மகுசிக் பாரிஸில் 2.10 மீற்றர் பாய்ந்து பெண்களுக்கான உலக சாதனையை நிலைநாட்டினார். 1958 இல் ஆண்களுக்கான ஆசியத் தங்கத்தைப் பெற்றுத்தந்த உயரத்தைவிட ஏழு சென்ரிமீற்றர் அதிகம்.

ஆனால் மல்லாந்து பாய்பவன் தோளிலும் கழுத்தடியிலும் விழுவான். மெத்தை இல்லாத இடத்தில் அது உயிரோடு விளையாடும் வேலை. எந்த ஆசிரியரும் மணற் குழியில் அதைப் பழக்க முடியாது. ஆகவே பொஸ்பரிக்குப் பிறகு ஏழைப் பாடசாலையின் பிள்ளை உயரம் பாய்தலில் பின்தங்கிப் போனதற்கு அதன் கால் பலவீனம் காரணமில்லை. விழுவதற்கு இடம் இல்லாமல் போனதுதான் காரணம். மெத்தை உலகெங்கும் பரவிய காலத்தில் எங்கள் குடாநாட்டில் போர் பரவியது. மெத்தையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் மைதானமே இல்லாமல் போனது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி போன்ற பாடசாலைகள் 1990 இல் தங்கள் வளவை விட்டே இடம்பெயர்ந்தன. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு புனரமைக்கப்பட்டு 2016 ஜூனில்தான் மீண்டும் திறந்துவைக்கப்பட்டது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் பாயும் வயது அதற்குள் முடிந்துவிட்டது.

நான் ஆசிரியனாகப் போனது வேறு மாவட்டமொன்றின் கரையோரப் பாடசாலைக்கு. அங்கே மணலுக்குப் பஞ்சமில்லை. கடற்கரையிலிருந்து மாணவர்கள் சாக்கில் சுமந்து வந்து குழியை நிரப்புவார்கள். ஒருமுறை வைக்கோலைச் சாக்குகளில் அடைத்து, மீன் வலையால் சுற்றிக் கட்டி, மெத்தை மாதிரி ஒன்றைச் செய்தோம். முதல் மழையோடு அது உக்கிப் போனது. மெத்தை ஒன்று வேண்டுமென்று உரிய திணைக்களத்துக்குக் கடிதம் எழுதினேன். கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அடுத்த வருடமும் எழுதினேன். அதே பதில், திகதி மட்டும் மாறியிருந்தது. அந்தக் கடிதங்களை ஒரு கோவையில் வைத்திருக்கிறேன். ஓய்வுபெறும்போது ஒன்பது சேர்ந்திருந்தன.

அங்கே என்னிடம் ஒரு மாணவன் இருந்தான். மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. கத்தரி முறையிலேயே பாய்ந்து, மணலில் காலூன்றி விழுந்து, வலயமட்டப் போட்டியில் முதலாவதாக வந்தான். மாகாணமட்டப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நீல நிற மெத்தை போட்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் ஓடிவந்து முதுகைக் காட்டிப் பாய்ந்தார்கள். இவன் மட்டும் நிமிர்ந்து பாய்ந்தான். மெத்தையில் காலூன்றத் தெரியாமல் தடுமாறி விழுந்தான். நான்காவது இடம். போட்டி முடிந்து பரிசளிப்புக்காக எல்லோரும் மேடைப் பக்கம் போனபின், அவன் தனியே திரும்பி வந்து, அந்த மெத்தையில் ஒருதரம் மல்லாந்து படுத்துப் பார்த்தான். பிறகு எழுந்து சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். "எப்படியிருக்கு?" என்று கேட்டேன். "இதில விழுறதெண்டா நானும் பயப்பட மாட்டன் சேர்" என்றான். அந்த வசனத்துக்கு ஒரு ஆசிரியன் என்ன பதில் சொல்வது?

பயிற்றுநர் என்றால் ஓடச் சொல்லி விசில் ஊதுகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளையிடம் உயரம் ஏற்கனவே இருக்கிறது. பயமில்லாமல் விழுவதற்கு ஓர் இடத்தை ஆயத்தம் செய்து கொடுப்பதுதான் அவருடைய வேலையில் பெரும்பகுதி. இதை நான் எந்தப் பயிற்சி நெறியிலும் படிக்கவில்லை. அந்தப் பையனிடம் படித்தேன். எதிர்வீரசிங்கத்தின் பிற்கால வாழ்க்கையை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது வேறுவிதமாகத் தெரிகிறது. அவர் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் படித்து, பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். சியரா லியோன், நைஜீரியா போன்ற ஆபிரிக்க நாடுகளில் கல்விப் பணி செய்தார். 2002 இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கைக் காலத்தில், எழுபது வயதை எட்டும் நிலையில், வட பகுதியின் கல்விக்காக உழைத்தார். பழைய பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு மேடைகளில் உட்கார்ந்து அவர் காலத்தைப் போக்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பாடசாலைகளின் பக்கம் திரும்பினார்.

பிள்ளைகளுக்கு விழ இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அத்தாட்சியும் எங்கள் கண்முன்னே இருக்கிறது. கோலூன்றிப் பாய்தல் உயரம் பாய்தலைவிடச் செலவு கூடிய விளையாட்டு. நல்ல கோலும் பெரிய மெத்தையும் இல்லாமல் அதில் ஓர் அடிகூட முன்னேற முடியாது. 1990 இல் இடம்பெயர்ந்த அதே மகாஜனாவில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன், பயிற்றுநர் சுபாஸ்கரனிடம் பழகி, 2010களின் நடுப்பகுதியில் பெண்களுக்கான இலங்கைச் சாதனையை மீண்டும் மீண்டும் முறியடித்தார். அதன்பின் தென்மராட்சியின் சாவகச்சேரியிலிருந்து அருந்தவராசா புவிதரன் 5 மீற்றருக்கு மேல் பாய்ந்து தேசிய சாதனை படைத்தார். ஒரு பயிற்றுநரும் ஒரு மெத்தையும் ஒரே இடத்தில் சந்தித்ததன் பலன் இது. வலைப்பந்தாட்டத்தில் ஈவினைக் கிராமத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2018 இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியின் தூணாக நின்றதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். குடாநாட்டின் மண்ணில் உயரத்துக்கு எக்காலமும் குறைவிருந்ததில்லை.

எதிர்வீரசிங்கத்துக்குச் சிலை வைக்கவேண்டும், வீதிக்கு அவர் பெயரைச் சூட்டவேண்டும், முத்திரை வெளியிடவேண்டும் என்றெல்லாம் சிலர் சொல்லக் கேட்கிறேன். நல்லது, வைக்கட்டும். என்னிடம் கேட்டால் சிறிய கோரிக்கை ஒன்றுதான் உண்டு. யாழ் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன: யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். வலயத்துக்கு ஒன்றாக, அவருடைய பெயரில் ஐந்து மெத்தைகள். ஒரு பாடசாலையின் களஞ்சிய அறையில் பூட்டிவைக்காமல், சனிக்கிழமைகளில் எந்தப் பாடசாலைப் பிள்ளையும், எந்த ஊர்ப் பிள்ளையும் வந்து பாயக்கூடிய இடத்தில் அவை கிடக்கவேண்டும். பழக்கிக் கொடுக்க ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆசிரியர் நிற்கவேண்டும். பேருந்துக் காசில்லாத பிள்ளைக்குப் போக்குவரத்துச் செலவு கொடுக்கவேண்டும். வெளிநாடுகளில் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் வருடந்தோறும் நடத்தும் இராப்போசன விருந்துகளில் ஓரிரண்டின் செலவில் இது முடிந்துவிடும்.

ஐந்திலும் பாயும் பிள்ளைகளில் ஒருவர் மறுபடி ஆசியாவுக்குப் போவாரா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. விளையாட்டில் அப்படியான உத்தரவாதம் எவருக்கும் கிடையாது. ஆனால் தீவகத்து மீனவரின் மகனோ வடமராட்சியின் வெங்காயத் தோட்டக்காரரின் மகளோ முதற்தடவையாக முதுகைக் காட்டிப் பாய்ந்து, வானத்தைப் பார்த்தபடி விழுந்து, ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்துக்கொண்டு எழும்புவார்கள். அந்தச் சிரிப்பை ஒருமுறை பார்த்தபின் தடியை இன்னும் ஓர் அங்குலம் உயர்த்தாத ஆசிரியர் இருக்க மாட்டார்.